தாடைக்குக் கீழே தோலை எந்தப் பக்கம், எவ்வளவு இழுத்துப் பிடிக்கணும்?

பொங்கோல்_ரேசர்

எல்லாருக்கும் வணக்கம். தலையையே மொத்தமா கழட்டி மாத்துற கேட்ரிட்ஜ் ரேசரை விட்டுட்டு, ரெண்டு பக்கமும் முனை இருக்கிற பிளேடு போடுற சேஃப்டி ரேசருக்கு மாறியிருக்கேன். கன்னத்துல ஒரு குறையும் இல்ல. தாடை எலும்பு வளையுற இடத்துலயும் கழுத்துலயும்தான் தொல்லை. தோலை இழுக்காம விட்டா திட்டுத்திட்டா முடி நிக்குது. இழுத்துப் பிடிச்சு வழிச்சா மழமழன்னு வருது, ஆனா ரெண்டாம் நாள் கழுத்துல சிவப்புச் சிவப்பா பொரிப்பொரியா கிளம்புது. நுரையில விரல் வழுக்கி ரேசர் தோலைப் பிடிச்சுக்கிறதும் உண்டு.

மூணு கேள்வி. எந்தப் பக்கம் இழுக்கணும்? எவ்வளவு இழுத்தா போதும்? வழுக்காம இருக்க என்ன வழி? தொண்டைச் சங்கைச் சுத்தி எப்படி வழிக்கிறதுன்னும் யாராவது சொன்னா நல்லது. ஜனவரியில சிங்கப்பூர் தேசிய சேவைக்கு, அதான் கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போறேன், அதுக்குள்ள கை பழகணும்.

நுரைக்கிண்ணம்

முதலில் எதற்காக இழுக்கிறோம் என்பதைப் பார்த்துவிடுவோம். அது தெளிவானால் எந்தப் பக்கம், எவ்வளவு என்ற இரண்டு கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

தளர்ந்த தோலில் ரேசரை ஓட்டினால் அதன் தலைக்கு முன்னால் தோல் சின்ன மடிப்பாகத் திரளும். பாதுகாப்புக் கம்பிக்கும் பிளேடு முனைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் அந்த மடிப்பு பிதுங்கி நுழைகிறது. முனை முடியை வெட்டுவதற்குப் பதில் மடிப்பைச் சீவுகிறது. நீங்கள் சொல்லும் 'பிடிச்சுக்கிறது' இதுதான். வேட்டிக்கு இஸ்திரி போடும்போது பெட்டி முன்னால் போகப் போக இடது கை பின்னால் துணியைப் பிடித்துக்கொள்கிறதே, இங்கேயும் அதே வேலைதான். மடிப்பு திரளாதபடி தோலைச் சமமாக வைத்திருப்பது மட்டுமே நோக்கம். முடியை வேரிலிருந்து வெளியே இழுப்பது நோக்கம் அல்ல.

ஆகவே விரல் எப்போதும் ரேசருக்குப் பின்னால் இருக்க வேண்டும், ரேசர் போகும் திசைக்கு எதிராக இழுக்க வேண்டும். ரேசர் கீழே இறங்கினால் விரல் மேலே, ரேசர் மேலே ஏறினால் விரல் கீழே. ரேசருக்கு முன்னால் விரலை வைத்து இழுத்தாலும் தோல் விறைக்கும். ஆனால் ரேசர் வழுக்கினால் நேரே விரலுக்குத்தான் வரும்.

எவ்வளவு? கண்ணாடியில் பாருங்கள். சுருக்கமும் பள்ளமும் மறைந்த உடனே நிறுத்திவிடுங்கள். தோல் வெளுத்தாலோ, மயிர்த்துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் தெரிந்தாலோ அளவு மீறிவிட்டீர்கள். விரலை ரேசர் கிளம்பும் இடத்திலிருந்து 2, 3 செ.மீ. பின்னால் ஊன்றுங்கள். ஒரு இழுப்பு 2 செ.மீ. போதும், தாடை விளிம்பில் 1 செ.மீ. தான். இழுப்பு முடிந்ததும் விரலை எடுத்து அடுத்த இடத்தில் ஊன்றுங்கள். ஒரே பிடியில் காதிலிருந்து மோவாய் வரை வழிப்பது கேட்ரிட்ஜ் பழக்கம். கேட்ரிட்ஜின் தலை ஆடி முகத்தின் வளைவுக்கு ஒத்துப்போகும். உங்கள் ரேசரின் தலை ஆடாது, 30 பாகை கோணத்தை மணிக்கட்டுதான் காக்க வேண்டும்.

இனி தாடை. எலும்பின் விளிம்பைத் தாண்டி நேரே கீழே இறக்காதீர்கள், அங்கேதான் கோணம் கெடுகிறது. எலும்பின்மேல் வழிப்பதைவிட, எலும்புக்குக் கீழே இருக்கும் தோலைக் கன்னத்துக்கு ஏற்றி அங்கே வழிப்பது சுலபம். வலப்பக்கத்துக்கு, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து, இடது கையைத் தலைக்குமேல் சுற்றிக் கொண்டுவந்து கிருதாவுக்குக் கீழே தோலை மேல்நோக்கி இழுங்கள். அந்தக் காலத்து ஆட்கள் கண்ணாடி முன்னால் கையைத் தலைமேல் போட்டுக்கொண்டு நிற்பது சும்மா அல்ல. தாடைக்கு அடியில் இருந்த தோல் அரை அங்குலம் மேலே வந்து எலும்பின் தட்டையான பக்கத்தில் உட்காரும். அங்கே குட்டிக் குட்டியாக இரண்டு இழுப்பு. விரலை விட்டதும் வழித்த இடம் தானாகக் கீழே போய்விடும். இடப்பக்கத்துக்கு இடது கை நேராகவே எட்டும், வலது கை முகத்தின் குறுக்கே வரும்.

கழுத்தில் பெரும்பாலான தவறு இழுப்பதில் இல்லை, முடியின் திசை தெரியாததில். கன்னத்தில் கீழ்நோக்கி வளரும் முடி, கழுத்தின் அடியில் பலருக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளரும். சிலருக்குச் சுழியே இருக்கும். இரண்டு நாள் வழிக்காமல் விட்டு, பஸ், ரயிலுக்குத் தட்டும் ஈஸி லிங்க் அட்டையின் விளிம்பால் எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று தடுக்கும் திசை எதிர்த்திசை. பஞ்சு உருண்டையால் தடவினாலும் தெரியும், எதிர்த்திசையில் பஞ்சு சிக்கும். ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டு வையுங்கள். முதல் சுற்று முடியின் போக்கில். நுரையைப் புதுசாகப் போட்டு இரண்டாம் சுற்று குறுக்கே. எதிர்த்திசையில் மூன்றாம் சுற்று கழுத்துக்கு வேண்டாம், குறைந்தது அந்தப் பொரி அடங்கும் வரை.

தலையை ரொம்ப அண்ணாந்து பார்க்கவும் கூடாது. அண்ணாந்தால் தோல் விறைப்பது உண்மைதான். ஆனால் இரு பக்கமும் தசைநார்கள் கயிறு மாதிரி எழும்பி நடுவில் பள்ளம் விழும், ரேசர் மேட்டை மட்டுமே தொடும். மோவாயை லேசாகத் தூக்கி, மீதியைக் காறை எலும்புக்கு மேலே விரலை ஊன்றிச் சரிசெய்யுங்கள்.

தொண்டைச் சங்கின்மேல் நேரடியாக வழிக்கவே வேண்டாம். சங்குக்கு மேல் இருக்கும் தோலை இரு விரலால் ஒரு பக்கமாக 2 செ.மீ. நகர்த்துங்கள். கீழே குருத்தெலும்பு இல்லாத சமதளத்துக்கு அது வந்துவிடும். அங்கே வழியுங்கள், பிறகு மறுபக்கம் நகர்த்தி மிச்சத்தை வழியுங்கள். எச்சில் விழுங்கிப் பாதியில் நிறுத்துவது இன்னொரு வழி. சங்கு மேலே ஏறி இரண்டு மூன்று விநாடி நிற்கும். ரேசர் தோலில் படும் முன்பே விழுங்கிவிட வேண்டும், வழிக்கும்போது விழுங்கக் கூடாது.

மேலுதட்டுக்கு விரலே தேவையில்லை. மேலுதட்டைப் பல்லின்மேல் கீழே மடித்தால் போதும். மூக்குக்கு அடியில் மட்டும் மூக்கு நுனியை விரலால் மேலே தள்ளிக்கொண்டு 1 செ.மீ. இழுப்பு. மோவாயைக் கடைசியில் வையுங்கள். முகத்திலேயே முரட்டு முடி அங்கேதான், நுரையில் கூடுதல் நேரம் ஊறட்டும். கன்னத்தைக் காற்றால் உப்பிக்கொண்டு வழிப்பதை நான் ஆதரிப்பதில்லை. பார்க்க விறைப்பாக இருக்கும், ரேசர் பட்டதும் அமுங்கும்.

சுருள்தாடி

நுரைக்கிண்ணம் சொன்ன முறையில் குறையில்லை. ஆனால் கேள்வியில் இருக்கும் ஒரு வரியை எல்லாரும் தாண்டிப் போகக்கூடாது. 'இழுத்தால் மழமழன்னு வருது, ரெண்டாம் நாள் பொரி கிளம்புது.' இது பிளேடு காயம் அல்ல, உள்ளே வளரும் முடி. நம் ஆட்களில் சுருள் தாடிக்காரர்கள் நிறைய, இது சகஜம்.

நடப்பது என்ன? தோலை இழுத்ததும் மயிர்க்காலிலிருந்து முடி கொஞ்சம் வெளியே வருகிறது. அந்த நிலையில் தோலோடு ஒட்ட வெட்டுகிறோம். விரலை விட்டதும் தோல் பழைய இடத்துக்குத் திரும்ப, வெட்டிய முனை தோல்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. நேர்முடி என்றால் வந்த வழியே வெளியே வரும். சுருள்முடி வளைந்து மயிர்க்காலின் பக்கச்சுவரையே குத்தும். வெளியே வந்தாலும் திரும்பி வளைந்து பக்கத்துத் தோலுக்குள் நுழையும். வெட்டிய முனை கூர்மையாகவும் இருக்கும். உடல் அதை அந்நியப் பொருளாக நினைத்துச் சண்டை போடுகிறது. அதுதான் அந்தச் சிவப்புப் பொரி. மழமழப்பு கூடக் கூடப் பொரியும் கூடும். பல பிளேடு கேட்ரிட்ஜிலும் இதே கதை. முதல் பிளேடு முடியைத் தூக்க, அடுத்தது இன்னும் கீழே வெட்டும்.

இப்படிப்பட்ட தோலுக்கு விதி வேறு. கன்னம், மேலுதடு, மோவாயில் மடிப்பு மறையும் அளவுக்கு இழுக்கலாம். பொரி வரும் கழுத்துப் பகுதியில் இழுக்கவே வேண்டாம். தலையைத் தூக்கினால் கிடைக்கும் விறைப்பு போதும். முடியின் போக்கில் ஒரே சுற்று, சொரசொரப்பு கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். பிளேடு முனைக்கும் பாதுகாப்புக் கம்பிக்கும் நடுவில் இடைவெளி 0.5 மி.மீ. அளவில் இருக்கும் மென்மையான ரேசராக வைத்துக்கொள்ளுங்கள். பொரி அதிகமாக இருந்தால் மூன்று நான்கு வாரம் பிளேடே வேண்டாம், 1 மி.மீ. விடும் டிரிம்மர் போதும். தோலுக்குள் வளையமாகத் தெரியும் முடியைச் சுத்தமான ஊசி நுனியால் மெல்லத் தூக்கி விடலாம், பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அடுத்த முடி இன்னும் ஆழத்திலிருந்து கிளம்பும். தோண்டினால் நம் நிறத்துக்குக் கரும்புள்ளி நின்றுவிடும். சாலிசிலிக் அமிலம் கலந்த லோஷன் இரவில் தடவலாம், சவரம் செய்த கையோடு அல்ல.

தேசிய சேவை பற்றி ஒரு வார்த்தை. அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் தினமும் வழித்த முகத்தோடு நிற்க வேண்டும், சாவகாசமாக மூன்று சுற்று போட நேரம் இருக்காது. அவசரத்தில்தான் தோலை வெடுக்கென்று இழுத்து ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டுவார்கள். சீழ் வைக்கும் அளவுக்குப் போனால் மருத்துவ அதிகாரியிடம் காட்டுங்கள். சவரத்திலிருந்து தற்காலிக விலக்குச் சீட்டு தர அவருக்கு வழி உண்டு. சேருவதற்கு முன்பே பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) காட்டிவிடுவது இன்னும் நல்லது. தேவைப்பட்டால் அவர்களே மண்டலே ரோட்டில் இருக்கும் தேசிய சரும நிலையத்துக்குக் கடிதம் தருவார்கள். அந்த வழியாகப் போனால் கட்டணச் சலுகையும் கிடைக்கும்.

தேக்கா_கத்தி

தம்பி, வழுக்குறதுக்கு யாரும் பதில் சொல்லலையே.

ரெண்டு காரணம். ஒண்ணு, நுரை பட்ட தோலையே பிடிக்கிறது. பிடிக்கப்போற இடத்துல நுரையே போடாதீங்க, பட்டிருந்தா துண்டு முனையால ஒத்தி எடுங்க. இழுக்கிற கையைத் தண்ணிப் பக்கமே கொண்டுபோகாதீங்க. ரேசர் அலசுறது, குழாய் திறக்கிறது எல்லாம் வலது கை. ரெண்டாவது நம்ம ஊர் வேக்காடு. வீவக அடுக்குமாடி வீட்டு பாத்ரூம்ல வெந்நீர்ல குளிச்சுட்டு அப்படியே நின்னு வழிச்சா முகம் வேர்த்துக்கிட்டே இருக்கும். நுரை நீர்த்துப்போகும், விரலும் நிக்காது. குளிச்ச பிறகு கதவைத் திறந்து வச்சு, ஃபேன் காத்து வர்ற மாதிரி செஞ்சுட்டு நுரை போடுங்க. நுரை போட்டு ரெண்டு மூணு நிமிஷம் முடி ஊறட்டும். ஊறாத முடிக்கு அழுத்தம் கூடப் போடத் தோணும், அழுத்தினா எப்படி இழுத்துப் பிடிச்சாலும் வெட்டும்.

பிடிப்புக்குப் படிகாரம். சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடையில கட்டியா கிடைக்கும், முஸ்தஃபா கடையிலயும் இருக்கும். இடது கை கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனியை லேசா நனைச்சுக் கட்டியில ரெண்டு தேய். அரை நிமிஷத்துல விரல் பிசுபிசுன்னு ஆகும், ஈரத் தோல்லயும் நழுவாது. மூணு நாலு இழுப்புக்கு ஒருக்கா திரும்பத் தேய்ச்சுக்கணும். விரலைத் தட்டையா வைங்க, நகம் படக் கூடாது.

சவரம் முடிஞ்சதும் குளிர்ந்த தண்ணியில கழுவி, அதே கட்டியை நனைச்சு முகம் பூரா ஒரு தடவை ஓட்டி, ஒரு நிமிஷம் விட்டுக் கழுவுங்க. எரியுற இடம் எல்லாம் நீங்க அழுத்தின இடம், இல்லேன்னா ரெண்டு தடவை சுரண்டின இடம். தினம் எங்க எரியுதுன்னு பார்த்தாலே கை திருந்திடும். கட்டியை வீட்டுல இன்னொருத்தரோட பங்கு போடாதீங்க, ரத்தம் பட்ட சாமான். முடிவெட்டுற கடையில எல்லாருக்கும் ஒரே கட்டியைத் தேய்ச்சா வேணாம்னு சொல்லுங்க, தூளா எடுத்துப் போடச் சொல்லுங்க. ஈரத்தோட டப்பாவுல போட்டு மூடினா கரைஞ்சு கூழாயிடும், நிமிர்த்தி வச்சுக் காய விடணும். பிளேடும் அப்படித்தான், இந்த ஈரப்பதத்துல மூலையில துரு வச்சுடும். அஞ்சாவது சவரத்துக்கு மேல ஒரு பிளேடைப் போட்டு இழுக்காதீங்க.

முடிவெட்டுற கடையில அரைப் பிளேடு மாட்டுற கத்தியில வழிக்கிறதைப் பார்த்து அதே அளவு இழுக்கிறவங்க இருக்காங்க. அது வேற. அந்தக் கத்திக்குப் பாதுகாப்புக் கம்பி கிடையாது. கட்டை விரலும் ஆள்காட்டியும் விரிச்சு நடுவுல தோல் பலகை மாதிரி நின்னாத்தான் கத்தியே வைக்கணும். உங்க ரேசருக்கு அதுல பாதி விறைப்பு தாராளம்.

பொங்கோல்_ரேசர்

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. அட்டையை வச்சுத் தடவிப் பார்த்தேன். கழுத்துல வலப்பக்கம் முடி காதை நோக்கிப் போகுது, இடப்பக்கம் நேரா மேலே. நான் ரெண்டையும் கீழ்நோக்கித்தான் வழிச்சுக்கிட்டு இருந்தேன். இப்போ இடப்பக்கம் ரேசர் மேலே ஏறணும்னா, விரல் காறை எலும்புகிட்ட இருந்து கீழே இழுக்கணும், சரிதானே? வலப்பக்கத்துக்குப் பக்கவாட்டுல இழுக்கணுமா?

நுரைக்கிண்ணம்

இடப்பக்கம் சரி. ஆனால் சுருள்தாடி சொன்னபடி பொரி அடங்கும் வரை இழுக்காமலே மேலே ஏற்றுங்கள், அடங்கிய பிறகு விரலை ஊன்றுங்கள். வலப்பக்கம் ரேசர் தொண்டைப் பக்கத்திலிருந்து காதை நோக்கிப் போகும். விரலைச் சங்குக்கு வலப்பக்கம், பக்கத்திலேயே வைத்து லேசாக நடுவை நோக்கிப் பிடித்தால் போதும். முகத்தை இடப்பக்கம் திருப்பினாலே முக்கால்வாசி விறைப்பு வந்துவிடும். அந்த இடத்தில் கழுத்தின் பெரிய ரத்தக்குழாய் துடிப்பது விரலுக்குத் தெரியும். அதை அமுக்கிக்கொண்டு நிற்காதீர்கள், சிலருக்குத் தலை சுற்றும்.

ஈசூன்_மகள்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 78 வயது, பக்கவாதத்துக்குப் பிறகு வலப்பக்கம் முகம் கொஞ்சம் தொங்கியிருக்கிறது. அவருக்கு நான்தான் சவரம் செய்துவிடுகிறேன். ரத்தம் இளக்கும் மருந்தும் சாப்பிடுகிறார். இதே மாதிரி இழுத்துப் பிடிக்கலாமா? படிகாரம்?

தேக்கா_கத்தி

வேணாம் தங்கச்சி, இது வேற கணக்கு. ரத்தம் இளக்குற மருந்து சாப்பிடுறவருக்கு மின்சார ஷேவர்தான் முதல் தேர்வு. சல்லடைத் தகடு இருக்கிறதா வாங்குங்க. முகம் காய்ஞ்சு இருக்கும்போதே பண்ணிடலாம்.

ஷேவருக்கும் தோலைச் சமமா வைக்கணும், ஆனா விரல் நுனியால இழுக்காதீங்க. வயசான தோல் காகிதம் மாதிரி மெலிசு, நுனி அழுத்தினா கன்றிப்போகும், கிழியவும் செய்யும். அதனால விரல்ல படிகாரமும் வேணாம், பிடிப்பு கூடக் கூட ஆபத்து. உள்ளங்கையை முழுசாக் கன்னத்துல பதிச்சு, காதுப் பக்கமா நகர்த்துங்க. மேலே தூக்கினா கீழ் இமை சேர்ந்து வரும், கண்ணுக்குக் கிட்டப் போகாதீங்க. பல்செட் இருந்தா மாட்டிவிட்டுட்டே சவரம் பண்ணுங்க. கன்னம் உள்ளே குழி விழாம நிக்கும், பாதி இழுக்கிற வேலை மிச்சம்.

நாற்காலியில நிமிர்ந்து உட்கார வச்சு, தலைக்குப் பின்னால ஒரு தலையணை கொடுங்க. நீங்க அவருக்கு வலப்பக்கமா நில்லுங்க. தொங்குற பக்கத்துல உணர்ச்சி மந்தமா இருந்தா, வலிக்குதுன்னு அவரால சொல்ல முடியாது. அதனால அந்தப் பக்கத்தைக் கண்ணால பார்த்துத்தான் பண்ணணும், வெளிச்சம் அங்க விழட்டும். வாய் ஓரத்துல எச்சில் ஒழுகி ஈரமா இருக்கும், துடைச்சுக் காய விட்டுட்டு ஆரம்பிங்க. அந்த ஓரத்துல மட்டும் கையுறை போட்ட ஒரு விரலை உதட்டுக்கு உள்பக்கம் வச்சு லேசா வெளியே தள்ளினா மடிப்பு விரியும், ஷேவர் சுலபமா ஏறும்.

எங்கயாவது கீறிட்டா சுத்தமான துணியை வச்சு பத்து நிமிஷம் எடுக்காம அழுத்துங்க. நடுவுல நடுவுல தூக்கிப் பார்த்தா நிக்கப்போற ரத்தமும் திரும்பக் கிளம்பும். அப்படியும் நிக்கலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, மருந்துச் சீட்டையும் எடுத்துட்டுப் போங்க.